படக்கண்ணாடி

தரை அதிர்ந்தது. கீழேயிருந்து தடியால் இடிக்கிற சத்தம். சந்திரவதனா தையல் மெசினிலிருந்து காலை எடுத்தாள். ஊசி பாவாடையின் பாதிச் சிப்பில் குத்தியபடி நின்றது.

இடித்தது கீழ்வீட்டுப் பெல்லமிக் கிழவர்தான். அந்த வீட்டுக்கு ஒரே ஒரு டெலிபோன். அது கிழவரின் நடையில், குடைகளுக்கும் பழைய சப்பாத்துகளுக்கும் நடுவே ஒரு முக்காலியில் இருந்தது. மாடியில் குடியிருப்பவர்களுக்கு அழைப்பு வந்தால் கிழவரால் படியேற முடியாது. 'சந்திரவதனா' என்று கூப்பிடவும் நாக்கு வளையாது. கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்து உட்கூரையில் இடிப்பார். இடித்து இடித்து அந்த இடத்தில் சாந்து பெயர்ந்து ஒரு தோசையளவுக்கு மரச்சட்டம் தெரிந்தது. வீடு அவருடையது. வேண்டுமென்றால் முழுக்கூரையையும் இடிக்கலாம்.

அவள் படியிறங்கி ஓடினாள். மறுமுனையில் கணவன் யோகராஜா. லண்டன் இல்ஃபர்டில், ஒரு மணித்தியாலத்தில் படம் கழுவித் தருகிற கடையில் அவனுக்கு வேலை. முதலாளி பக்கத்தில் நிற்கும்போது அவன் பேசுகிற அமுங்கிய குரல்.

"வதனா, வடிவாக் கேள். சொலிசிற்றர் ஒபிசில இருக்கிற மங்கலம் அக்கா இப்பத்தான் போன் அடிச்சவ. நந்தன்ர கேஸ் நாளைக்குக் காலமையாம். கிழவரிட்டச் சொல்லு, வெளிக்கிட்டு நிக்கட்டும். எனக்கு லீவு தரமாட்டாங்கள், நீ கூட்டிக்கொண்டு போ. மற்றது, அந்தாளின்ர படக்கண்ணாடியள். அதை இண்டைக்கே கழுவி முடிக்க வேணும். நாளைக்கு மனுசன் சந்தோசமா வரட்டும். என்ன, விளங்கிச்சோ?"

"ஓம்" என்றாள். மறுமுனை ஓய்ந்துவிட்டது.

நந்தன் என்கிற சிவானந்தன் அவளுடைய ஒரே தம்பி. செப்டெம்பரில் யாருடையதோ பாஸ்போர்ட்டில் வந்து இறங்கியவனை விமான நிலையத்திலேயே பிடித்து, பக்கத்திலிருந்த தடுப்புக் கட்டடத்தில் அடைத்துவிட்டார்கள். கோப்பு குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில், ஆள் கம்பிக்குள், இப்படியே இரண்டு மாதம் போய்விட்டது. போன கிழமை அவனோடு இருந்த உடுவில் பொடியனைக் கொழும்புக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இவனுடைய முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. பிணையில் வெளியே எடுத்தால்தான் வழக்கை நடத்த நேரம் கிடைக்கும் என்று சொலிசிற்றர் சொல்லியிருந்தார். பிணை நிற்பவர் இந்த நாட்டுக் குடிமகனாக, சொந்த வீடு உள்ளவராக இருக்கவேண்டும்.

யோகராஜா குட்மேய்ஸிலும் ஈஸ்ட்ஹாமிலும் தெரிந்த வீடெல்லாம் ஏறி இறங்கினான். வீடு வைத்திருந்தவர்களுக்குத் தங்கள் விசாவே தள்ளாடிக்கொண்டிருந்தது. விசா உறுதியாக இருந்தவர்கள் தேத்தண்ணி தந்து அனுப்பினார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்திரவதனா கொண்டுபோன தோசையைக் கத்தியும் முள்ளும் வைத்து வெட்டிக்கொண்டிருந்த பெல்லமியிடம் யோகராஜா தயங்கித் தயங்கி விசயத்தைச் சொன்னான். கிழவர் வாயைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்தத் திகதி?"

அந்த நன்றிக்குத்தான் யோகராஜா படக்கண்ணாடி விசயத்தைத் தானாகவே ஏற்றுக்கொண்டான்.

பெல்லமியின் தாத்தா அந்தக் காலத்துப் படக்காரர். நூறு வருடத்துக்கு முன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனைப் பெருப்பிக்கவென்று சுற்றிவர இருந்த ஒழுங்கைகளை இடித்தபோது, இடிக்க முன்னால் அவற்றைப் படம் பிடிக்கத் தள்ளுவண்டியில் கமெராவைக் கொண்டுபோனவர். ஒழுங்கைகள் ஒடுக்கம், வெளிச்சமில்லை. மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் காத்து நிற்கவேண்டும். வேடிக்கை பார்க்க வந்த சனம் நிலைகொள்ளாமல் அசைந்ததில் படத்தில் எல்லாரும் புகையாய்ப் போனார்கள். ஒரு மெழுகுதிரிக் கடை வாசலில் மட்டும் ஒரு பெண் சொன்ன சொல் கேட்டு அசையாமல் நின்றாள். அவளைத் தேடிப் போய்த்தான் தாத்தா கட்டினார். ஒழுங்கை இடிபட்டு, சனம் நாலு திசைக்கும் சிதறின பிறகு, ஸ்ட்ராட்ஃபர்டில் ஒரு சலவை வீட்டில் ஆளைக் கண்டுபிடித்தாராம்.

அவள்தான் பாட்டி. ஆனால் பெல்லமிக்குத் தெரிந்த பாட்டி வேறு. வாயைச் சுருக்குப்பை மாதிரி இழுத்துக் கட்டிய கிழவி. ஒரு நாள்கூடச் சிரித்து அவர் கண்டதில்லை. இப்போது பெல்லமிக்குக் கண்ணில் புரை விழுந்து, ஒரு கண் ஏற்கெனவே போய், மற்றது போகுமுன் கடைவாசலில் நின்ற அந்தப் பெண்ணைப் பெரிய படமாக ஒரு தரம் பார்த்துவிடவேண்டும் என்பது அவருடைய ஆசை.

இதையெல்லாம் அவர் பல பின்னேரங்களில் சந்திரவதனாவுக்குச் சொல்லியிருக்கிறார். தேத்தண்ணிக் கோப்பையோடு அவளும் தலையாட்டியிருக்கிறாள். ஸ்டேஷன் விளங்கியது, பாட்டி விளங்கியது. கண்ணாடிதான் விளங்கவில்லை. படம் என்றால் கடதாசி. கண்ணாடி என்றால் அதற்கு முன்னால் போடுவது. ஊரில் சாமிப்படங்களைக் கழற்றித் தைப்பொங்கலுக்கு முதல் நாள் கண்ணாடி கழுவுவார்கள். கர்ப்பூரப் புகையும் விளக்குப் புகையும் பிடித்துக் கபில நிறமாய்க் கிடக்கும். கிழவர் வீட்டிலும் நூறு வருடமாக நிலக்கரி எரித்திருக்கிறார்கள். படங்கள் எங்கேயோ கீழே பெட்டியில் இருக்கும், யோகராஜா கழுவின கண்ணாடியைக் கொண்டுபோய்க் கடையில் புதுச் சட்டம் போட்டுக் கொடுக்கப்போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள்.

மேலே வந்து மெசினைப் பார்த்தாள். பின்னேரம் தைத்ததை எடுத்துப்போக வான்காரன் வருவான். அவன் கேட்கிற பாவாடைகளில் பாதிக்கு இன்னும் சிப் ஏறவில்லை. தோள்மூட்டு காலையிலிருந்தே வலித்துக்கொண்டிருந்தது. வெளியே பகல் ஒரு மணிக்கே இருட்டுக் கட்டி, தூறலுமில்லாமல் வெயிலுமில்லாமல் ஒரு ஈரம். ஜன்னல் வியர்த்து வடிந்தது. மேசைக்குக் கீழே இருந்த மரப்பெட்டியை இழுத்தாள். பழைய பேப்பரில் சுற்றிச் சுற்றி, ஒவ்வொன்றும் ஒரு பள்ளிக்கூடச் சிலேட்டளவு. தடித்த, கருமை படிந்த கண்ணாடிகள்.

கீசரைத் திறந்துவிட்டாள். அது இருமி, புகைந்து, கொதிநீரைத் துப்பியது. சலவைச் சோடா போட்டாள். முதல் கண்ணாடி தண்ணீருக்குள் போனதும் அழுக்குப் பிடி விட்டது. அவள் நினைத்த மாதிரி ஒரேயடியாகத் தேய்க்கவும் தேவையில்லாமல் பாலாடைபோல் விளிம்பில் சுருண்டு, வழன்று, முழுத்தோலாகக் கழன்று மிதந்தது. மிச்சத்தைப் பிரஷ்ஷால் ஒரு இழுவை. நல்ல தடிப்பான பழைய கண்ணாடி, பளிச்சென்று வந்தது. அவளுக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. தம்பிக்காக அன்றைக்கு அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

ஒவ்வொன்றாகக் கழுவிக் கோப்பை காயவைக்கிற தட்டில் நிறுத்தினாள். கடைசிக் கண்ணாடியை நீருக்குள் பாதி இறக்கிவிட்டு, விளிம்பில் ஒட்டியிருந்த பேப்பரைக் கிள்ள லைற்றுக்கு நேரே தூக்கினாள்.

கண்ணாடிக்குள் ஒரு தெரு இருந்தது.

வண்டிச் சக்கரம். வெள்ளை வெள்ளையாய் ஜன்னல் இருட்டுகள். வானம் கறுப்பு. மூலையில் ஒரு மனிதன், முகம் கன்னங்கரேலென்று, தலைமயிர் வெள்ளையாய். எங்கள் ஊர்க் கிழவன் ஒருவன் லண்டன் தெருவில் தொப்பியோடு நிற்கிறான் என்றுதான் அவளுக்கு முதலில் பட்டது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மனிதனின் கால்கள் சுருங்கி, மடிந்து, தொட்டிக்குள் விழுந்தன.

தொட்டிக்குள் கையை விட்டாள். விரலிடுக்கில் கருமையான சளிபோல ஏதோ வந்தது. ஒழுங்கைகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

பின்னேரம் யோகராஜா வந்தபோது அவள் மெசினில் இருக்கவில்லை. வான்காரன் வந்து ஏசிவிட்டுப் போயிருந்தான். தட்டில் வரிசையாய் நின்ற கண்ணாடிகளை யோகராஜா கோட்டையும் கழற்றாமல் பார்த்தான். ஒன்றை எடுத்து அதனூடாக அவளைப் பார்த்தான்.

"கழுவச் சொன்னனீங்கள்" என்றாள்.

"படம் கழுவுறது வதனா. படம். அந்தக் காலத்தில கண்ணாடிதான் நெகட்டிவ்."

"கண்ணாடியை எண்டுதானே சொன்னனீங்கள்."

"மூண்டு வருசமா உன்ர மனுசனுக்கு என்ன வேலை எண்டு சனம் கேட்டா, படம் கழுவிறார் எண்டுதானே சொல்லுறாய்? அப்ப நான் கடையில வாளியும் பிரஷ்ஷும் வைச்சே கழுவிறன்?"

"அது பிலிம். நான் அதை எங்கை கண்டன்? நீங்கள் விடிய வெளிக்கிட்டுப் போறியள், பொழுதுபட வாறியள். கையில ஒரு மருந்து மணம் இருக்கும். எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

அவன் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கடைக்குப் பின்னால் ஒரு பழைய இருட்டறை இருக்கிறதென்றும், கடை பூட்டிய பிறகு அதைப் பாவிக்க முதலாளியிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்ததாகவும், இன்றைக்கு வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போகத்தான் நினைத்திருந்ததாகவும் சுவரைப் பார்த்துச் சொன்னான். மிஞ்சிய அந்த அரைக் கண்ணாடியை லைற்றுக்குப் பிடித்து இருவரும் தேடினார்கள். சக்கரம் இருந்தது. சுவர் இருந்தது. கடைவாசலும் இல்லை, பெண்ணும் இல்லை.

"நான் போய்ச் சொல்லுறன்" என்று அவள் எழுந்தாள்.

"இரு. நாளைக்குக் கேஸ் முடியட்டும். பேந்து சொல்லுவம்."

"கிழவர் காத்துக்கொண்டிருக்கிறார்."

"உன்ர தம்பியும் காத்துக்கொண்டுதான் இருக்கிறான். இப்பச் சொல்லி, அந்தாள் மனம் முறிஞ்சு வரமாட்டன் எண்டு சொன்னா, அடுத்த பிளேனில அவனை ஏத்துவாங்கள். பிறகு நீ கண்ணாடியைப் பாத்து அழு."

அவள் திரும்ப உட்கார்ந்தாள். யோகராஜா முகம் கழுவி, சீப்பால் தலை இழுத்து, தான் போய் நாளைய நேரத்தை மட்டும் சொல்லிவிட்டு வருவதாகக் கீழே போனான். அவள் சோற்றை வடித்தாள். கத்தரிக்காயை வெட்டினாள். கீழே கதவு திறக்கிற சத்தமும், நெடுநேரம் கதைக்கிற முணுமுணுப்பும், கிழவர் இருமுவதும் கேட்டன. அந்த இருமல் சிரிப்பு மாதிரியும் இருந்தது.

திரும்பி வந்தவன் சாப்பிட உட்கார்ந்தான். "வருவார்" என்றான்.

"என்ன சொன்னனீங்கள்?"

"கேட்டவர். கழுவத் துவங்கியாச்சு எண்டு சொன்னன்." சோற்றைப் பிசைந்துகொண்டு, "பொய்யில்லைத்தானே" என்றான்.

மறுநாள் காலை கிழவர் அவளுக்கு முதலே வெளிக்கிட்டு நடையில் நின்றார். கழுத்தில் சவரக்கத்தி பட்டு ஒரு சிறு பேப்பர்த் துண்டு ஒட்டியிருந்தாலும் முகம் மழமழவென்று வழித்திருந்தது. சாம்பல் நிறச் சூட், உள்ளே பூச்சியுருண்டை மணக்கிற மஞ்சள் வெயிஸ்ட்கோட். அவள் மூன்று வருடமாகக் கண்ட மனிதரில்லை. தெருவைக் கடக்கும்போது அவளைத் தாங்கவிடாமல், தானே அவளுக்குக் கையைக் கொடுத்தார். ரயிலில் ஏதோ ஒரு பழைய பாட்டை மூக்கால் இழுத்துக்கொண்டு வந்தார். வெளியே போவது சந்தோசமாக்கும் என்று அவள் நினைத்தாள். ஒவ்வொரு முறை அவர் தன் பக்கம் திரும்பும்போதும் அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

விசாரணை மண்டபத்தில் சொலிசிற்றர் அலுவலக மங்கலம் காத்திருந்தாள். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள். சந்திரவதனாவின் பக்கத்தில் உட்கார்ந்து, நடப்பதைக் காதுக்குள் தமிழில் சொன்னாள். நந்தனை இரண்டு பேர் நடுவில் கொண்டுவந்தார்கள். கழுத்து மெலிந்து, சேர்ட் கொலருக்குள் இன்னொரு கழுத்து நுழையலாம் போல இருந்தான். அவளைக் கண்டும் காணாதவன் மாதிரி நேரே பார்த்தான்.

அதிகாரி பெல்லமியைக் கூப்பிட்டார். எத்தனை காலப் பழக்கம், வீடு உங்களுடையதா, இந்த ஆள் ஓடிப்போனால் நீங்கள் பொறுப்பு என்று தெரியுமா. கிழவர் எல்லாவற்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னார். கடைசியாக, இந்தக் குடும்பத்தை எதை வைத்து நம்புகிறீர்கள் என்று கேள்வி வந்தது.

பெல்லமி யோசித்தார். பிறகு கொஞ்சம் நீளமாகப் பேசினார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

மங்கலம் குனிந்தாள். "அவங்க தாத்தா எடுத்த படமெல்லாம் உங்ககிட்டதான் இருக்குதாம். இவரோட சொந்த மகளே கேட்டும் கொடுக்கலையாம். உங்க வீட்ல கழுவக் கொடுத்திருக்காராம். அதுக்கு மேல என்ன நம்பிக்கை வேணும்னு கேக்குறார். நல்லாப் பேசுறார்மா, கவலைப்படாதீங்க."

சந்திரவதனா கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். விரல் நீலமாகும்வரை சுற்றினாள்.

பிணை கிடைத்தது. கிழவர் கையெழுத்து வைத்தார். மத்தியானத்துக்குப் பிறகு ஒரு பிளாஸ்ரிக் பையோடு நந்தனை வெளியே விட்டார்கள். அவன் அக்காவைக் கட்டிப்பிடிக்கவில்லை. பையை வாங்க நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றான். பிறகு கிழவரிடம், யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த திருத்தமான ஆங்கிலத்தில் நன்றி சொன்னான். கிழவர் அவன் தோளில் தட்டி, இவ்வளவு நல்ல இங்கிலிசை இந்தத் தெருக்களில் தான் கேட்டதில்லை என்று பகிடி விட்டார்.

லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனை அந்த வருடமும் உடைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பலகைத் தட்டிகள், கிரேன்கள், காற்றிலெல்லாம் சீமெந்துத் தூள். வீட்டுக்குப் போகிற செவன் கிங்ஸ் ரயிலில் மூன்று பேரும் ஏறினார்கள். கிழவர் ஜன்னலோரம், எதிரே அக்காவும் தம்பியும். ரயில் அசைந்ததும் கிழவர் கைத்தடியால் வெளியே கறுத்த செங்கல் மதிலைக் காட்டி நந்தனுக்குச் சொல்லத் தொடங்கினார். இந்தத் தண்டவாளத்துக்குக் கீழேதான் ஒழுங்கை. இந்த மதில் வருகிற இடத்தில் மெழுகுதிரிக் கடை. வீட்டுக்காரருக்குக் காசு கிடைத்தது, குடியிருந்த சனத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சட்டி பானையோடு போனார்கள், எங்கே போனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நந்தன் ஜன்னலைப் பார்த்துத் தலையாட்டினான். அவனுக்கு அது புதுக் கதையில்லை.

"என்ன சொல்லுறார்?" என்றாள் சந்திரவதனா.

"இண்டைக்குத் தேத்தண்ணி குடிச்சிட்டு மேல வருவாராம். படி ஏற என்னைக் கை குடுக்கட்டாம். பாட்டியைப் பாக்கவேணுமாம். யார் அக்கா பாட்டி?"

அவள் சொன்னாள். முதல் நாள் மத்தியானத்திலிருந்து எல்லாவற்றையும், நிறுத்தாமல், கீசர், சோடா, பாலாடை, கறுத்த மனிதன் வரைக்கும் சொன்னாள். கிழவர் தங்கள் பாசையில் ஏதோ குடும்பக் கதை போகிறது என்று மரியாதையாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை அவருக்குச் சொல்லு."

"இப்பவோ? உனக்கென்ன விசரே அக்கா? வெளியில வந்து ரெண்டு மணித்தியாலம் ஆகேல்லை. அந்தாள் திரும்பிப் போய் பிணையை எடுத்திட்டா நான் பேந்தும் உள்ளுக்குத்தான்."

"எடுத்தா எடுக்கட்டும்."

"உனக்குச் சொல்ல லேசு. உள்ளுக்கு இருந்தது நான். ஒவ்வொரு விடியவும் சப்பாத்துச் சத்தம் கேட்டா என்ர பேரைத்தான் கூப்பிட வாறாங்கள் எண்டு நினைச்சுக்கொண்டு கிடந்தது நான். அத்தான் சொன்ன மாதிரி இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

"கொஞ்ச நாளோ? இன்னும் கொஞ்ச நேரத்தில அந்த மனுசன் படியேறப்போறார் நந்தன். அவரைக் கொண்டுபோய் வெறுங் கண்ணாடிக்கு முன்னால நிப்பாட்டச் சொல்லுறியே? நீ சொல்லாட்டி நான் என்ர இங்கிலிசில சொல்லுவன். அது இன்னும் மோசமா இருக்கும்."

ஸ்ட்ராட்ஃபர்ட் வந்தது. சனம் இறங்கியது, ஏறியது. கதவு மூடிய பிறகு நந்தன் முன்னால் குனிந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, மெதுவாகச் சொன்னான். ஒரு சொல்லுக்கு மாற்றுச் சொல் தேடிக் கையைத் தண்ணீரில் அலசுவதுபோல் அசைத்துக் காட்டினான். அந்தக் கை அசைவோடு கிழவருக்கு விளங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் கைத்தடியை இரண்டு முழங்காலுக்கும் நடுவே நிறுத்தி, அதன் பிடியில் இரண்டு கையையும் வைத்தார்.

இரண்டு ஸ்டேஷன் போயிற்று. வெளியே மழை தொடங்கியது. கிழவர் ஏசுவார், எழுந்து வேறு பெட்டிக்குப் போவார், வீட்டை விடச் சொல்லுவார் என்று அவள் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள். "சொறி, மிஸ்டர் பெல்லமி" என்று ஒரு தரம் சொன்னாள். அவர் அவளைப் பார்த்தார். நல்ல கண் எது, புரை விழுந்த கண் எது என்று சொல்ல முடியாமல் இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. பிறகு நந்தன் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். கோபமான குரலில்லை. ஆர்வமாக, கொஞ்சம் அவசரமாகக்கூடக் கேட்டார்.

நந்தன் அக்காவிடம் திரும்பினான்.

"என்னவாம்? பிணையை எடுக்கப்போறாராமோ?"

"இல்லை அக்கா. நேற்றுப் பின்னேரம் அத்தான் கீழ வந்து, முதல் படம் கழுவியாச்சு, பாட்டி கடைவாசலில நல்ல வடிவாச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறா எண்டு சொன்னவராம். அழிய முதல் கடைசியாக் கண்டது அத்தான்தானே, அவ எந்தப் பக்கம் பாத்துச் சிரிச்சவ எண்டு அத்தானிட்டக் கேட்டுச் சொல்லட்டாம்."